சட்டனில் றகூசா முறை

2025 செப்டெம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை மாலை 4.10 மணிக்கு, தெற்கு லண்டனின் சட்டனில் புகையிரத நிலையத்துக்குப் பின்னால் உள்ள பழைய சாரணர் மண்டபத்தில், கரையாமுனை மக்கள் ஒன்றியத்தின் விசேட பொதுக்கூட்டம் றகூசாக் குடியரசின் பாதுகாப்பு முறையை ஏற்றுக்கொண்டது. ஆதரவு 38. எதிர்ப்பு இல்லை. மூன்று பேர் தேநீர் எடுக்கப் போயிருந்தார்கள்.

அந்த மூவரில் ஒருவர் பீற்றர். லூயிஷாமில் இருந்து வந்திருந்த பஸ் சாரதி. அவர் கோப்பையோடு திரும்பியபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ பொன்னாடை போடுகிறார்கள் என்று நினைத்து அவரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் லெஸ்லி. கொழும்புத் துறைமுகச் சுங்கத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றியத்தில் அவருக்குப் பதவி எதுவும் இல்லை. பதினாறு வருடங்களாக ஆலோசகர். யூன் மாதம் அவர் உல்லாசக் கப்பலில் போய், மதில் சூழ்ந்த கடலோர நகரமான டுப்ரோவ்னிக்கில் இறங்கினார். அதற்குப் பழைய பெயர் றகூசா. வழிகாட்டி மதில்மேல் கூட்டிக்கொண்டுபோய் வரலாறு சொன்னார். சுற்றுலா இரண்டரை மணித்தியாலம். கப்பல் புறப்படும் நேரம் நெருங்கியதால் லெஸ்லி முதல் இரண்டு மணித்தியாலம் மட்டும் கேட்டார்.

"அந்த ஊர் எங்கட சட்டனை விடச் சின்னது," என்று அவர் கூட்டத்தில் சொன்னார். "ஒரு பக்கம் வெனிஸ்காரன். மற்றப் பக்கம் துருக்கிச் சுல்தான். சொல்லிக்கொள்ளுற அளவுக்குப் பட்டாளம் இல்லை. ஆனா நானூற்றைம்பது வருசம் ஒருத்தரும் மதில் ஏறி உள்ளுக்கு வரேல்ல. எப்பிடி? எதிரியை நம்பாதது பெரிய விசயமில்லை, அதை எல்லாரும் செய்யினம். அவை தங்கட ஆக்களையே நம்பேல்ல. நாங்கள் விட்ட பிழை அதுதான்!"

ஒன்றியத்துக்கும் ஓர் எதிரி உண்டு. மூன்று வருடங்களுக்கு முன் திருநாளில் சொரூபப் பல்லக்கின் முன்வலக் கொம்பை யார் தூக்குவது என்ற கேள்வியில் ஒன்றியம் இரண்டாகி, ஒரு பாதி லூயிஷாமுக்குப் போய் 'உண்மையான கரையாமுனை மக்கள் ஒன்றியம்' ஆனது. அவர்கள் கேட்பது ஒரேயொரு பொருளை: இரு பகுதியாருக்கும் சொந்த ஊரான கரையாமுனையின் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு. போரில் தேவாலயமும் பதிவாளர் கந்தோரும் எரிந்தபின் ஊரில் பிறந்தவர்களுக்கு எஞ்சிய ஒரே எழுத்து. ஒரு சேலைக்குள் சுற்றப்பட்டு முள்ளிவாய்க்கால், செட்டிகுளம், சென்னை என்று வந்து கடைசியில் சட்டனில் ஓர் இரும்பு அலுமாரிக்குள் இருந்தது.

றகூசாவில் அதிபரின் பதவிக்காலம் ஒரு மாதம். அந்த மாதம் முழுவதும் அவர் அரச அலுவலுக்கன்றி மாளிகையைவிட்டு வெளியேற முடியாது. பிறகு இரண்டு வருடத்துக்கு அந்தப் பதவிக்கு வர முடியாது. இரவில் நகர வாயில்களைப் பூட்டித் திறப்புகளை அவரிடம் கொடுப்பார்கள். கடலோரக் கோட்டையின் தளபதியும் மாதம் ஒருவர். அவர் கலகம் செய்தாலும் நீடிக்காமலிருக்க முப்பது நாள் உணவுதான் கொடுப்பார்கள். கோட்டைச் சுவர் வெளிப்பக்கம் பன்னிரண்டு மீற்றர் வரை தடிப்பு. நகரத்தைப் பார்த்த பக்கம் அறுபது சென்ரிமீற்றர். தளபதி துள்ளினால் நகரமே இடித்துவிடலாம்.

மண்டபத்தில் மேடைக்கு வலதுபக்கம் இருந்த ஒப்பனை அறை மாளிகையானது. இடதுபக்கக் களஞ்சிய அறை கோட்டையானது. அலுமாரி அங்கே போனது. அலுமாரியின் திறப்பு அதிபரிடம். களஞ்சிய அறையின் திறப்பு தளபதியிடம். அதிபர் கோட்டைக்குள் போகக்கூடாது, தளபதி மாளிகைக்குள் வரக்கூடாது. களஞ்சிய அறையின் மண்டபப் பக்கச் செங்கல் சுவரை இடித்துவிட்டு மெல்லிய பிளாஸ்டர்போட் பலகை அடித்தார்கள். அந்த வேலையை மூன்று ஞாயிறு, எல்லோரும் கூடி, ஒற்றுமையாகச் செய்தார்கள்.

செப்டெம்பர் 10ஆம் திகதி பீற்றரின் வீட்டுக்குக் கடிதம் வந்தது. அவருடைய தங்கை அஞ்சலீனாவின் அகதி மேன்முறையீடு நவம்பர் 18 விசாரிக்கப்படும்.

அஞ்சலீனாவுக்கு முப்பத்தாறு வயது. முகவர் கொடுத்த கடவுச்சீட்டில் அவள் நீர்கொழும்பில் பிறந்த, நாற்பத்தொரு வயதான வேறொருத்தி. அந்தப் பெயரில்தான் லண்டனில் இறங்கினாள். இப்போது தன் சொந்தப் பெயரைச் சொன்னால் நம்புவதற்கு ஆளில்லை.

"மரபணுச் சோதனை செய்தா உங்கட தங்கச்சி எண்டு வரும்," என்றாள் சட்டத்தரணி பிறேமினி. "ஆனா பேர் வராது. கரையாமுனையில அஞ்சலீனா எண்டு ஒருத்தி இருந்தவ எண்டதுக்கு எழுத்து வேணும். அந்தப் பக்கத்தின்ர ஒரு படம், புத்தகத்தை வைச்சிருக்கிறவையின்ர ஒரு கடிதம். போதும், பீற்றர் அண்ணா. நவம்பர் பதினொண்டுக்கு முதல் தாங்கோ. இல்லாட்டி திருப்பி அனுப்புவினம்."

"அதென்ன பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துக்கொண்டு வாறன்," என்றார் பீற்றர்.

அந்தப் பக்கத்தை அவர் கண்ணால் கண்டிருந்தார். 2016 திருநாளில் பதிவேட்டைக் கண்ணாடிப் பெட்டியில் விரித்து வைத்தார்கள். எழுபத்துநான்காம் பக்கம், மேலிருந்து ஐந்தாவது. அன்றைக்கு எடுத்த முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களும் ஒன்றியத்தின் முகநூலில் இருந்தன. எல்லாவற்றிலும் பிரமுகர்களுக்கு மாலை விழுந்துகொண்டிருந்தது. ஒன்றில் மட்டும் லெஸ்லியின் காதுக்குப் பின்னால் பதிவேட்டின் ஒரு மூலை, மங்கலாக.

செப்டெம்பர் மாத அதிபர் சபாரத்தினம். மாளிகைக் கதவில் கடிதம் போடுமளவுக்கு ஒரு துவாரம் வெட்டியிருந்தார்கள். பீற்றர் குனிந்து அதனூடாகக் கதைத்தார்.

"அண்ணை, நான் பீற்றர். அலுமாரியை ஒருக்கா திறக்கவேணும். அஞ்சு நிமிசம்."

"வாரும் தம்பி. அதாவது, வராதேயும். அங்கேயே நில்லும்." உள்ளே தொலைக்காட்சி ஓடியது. "திறப்பு என்னட்ட இருக்கு. நான் வெளியில வரேலாது."

"அப்ப திறப்பைத் தாங்கோ."

"திறப்பு அதிபரை விட்டுப் பிரியக்கூடாது."

"அலுமாரியை இஞ்ச கொண்டுவந்தா?"

"அலுமாரி கோட்டையை விட்டுப் பிரியக்கூடாது." சபாரத்தினம் துவாரத்துக்குக் கிட்ட வந்தார், அவருடைய மூக்குக் கண்ணாடியின் கீழ்ப்பாதி தெரிந்தது. "கோவியாதேயும். எனக்கெண்டா இது நல்ல விசயமாக் கிடக்கு. மனிசி கனகாம்பிகை சாப்பாட்டை வாசல்ல வைச்சிட்டுப் போறா. இருபது வருசத்துக்குப் பிறகு நிம்மதியா நியூஸ் பாக்கிறன்."

பீற்றர் மேடையைக் கடந்து கோட்டைக்குப் போனார். பதினொரு அடி. செப்டெம்பர் மாதத் தளபதி ஜெயகௌரி, மருந்துக்கடையில் வேலை செய்பவர், முப்பது நாளுக்கான பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"அறையைத் திறந்து விடலாம் தம்பி. திறந்து என்ன பிரியோசனம்? அலுமாரித் திறப்பு அங்காலயெல்லோ."

"அவர் வரமாட்டாராம், அக்கா."

"வந்தா நான் அவரைக் கைது செய்யவேணும். எழுத்தில குடும். ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சா மாத மாற்றத்தண்டு பாக்கலாம். அண்டைக்கு மட்டும்தான் ரெண்டு திறப்பும் ஒரே மேசையில வரும்."

பீற்றர் எழுதிக் கொடுத்தார். இருவரும் கையெழுத்திட்டார்கள். ஒக்ரோபர் 5, மாத மாற்றம். இரண்டு திறப்புகளும் ஒரே மேசைக்கு வந்தன. பீற்றர் முன்வரிசையில் கைப்பேசியைப் படம் எடுக்கத் தயாராக வைத்திருந்தார். லெஸ்லி எழுந்தார்.

"அதிபர் போனா அவர் ஏற்ற விண்ணப்பமும் போகும். அதுதானே மாதமுறையின்ர அழகு. இல்லாட்டி ஒரு மனிசன் தன்ர மாதத்துக்குள்ள இருந்துகொண்டு அடுத்த மாதத்தை ஆண்டுபோடுவான்."

கைதட்டினார்கள். புதிய அதிபர் ஜெயகௌரி. புதிய தளபதி சபாரத்தினம். ஒரே பதவிக்குத்தான் இரண்டு வருடத் தடை. பதவிகளை மாற்றிக்கொள்வதற்குத் தடையில்லை.

வீட்டில் அஞ்சலீனா கேட்டாள். "அண்ணை, புத்தகத்தில என்ர பேர் இருக்குத்தானே?"

"ஓம். ஐஞ்சாவது."

"அப்ப எனக்கு முதல் பிறந்த நாலு பேரும் இப்ப என்ன செய்யினம்?"

"ஒருத்தன் ரொறொன்ரோவில கடை வைச்சிருக்கிறான்."

அவள் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒக்ரோபரில் பீற்றர் மறுபடி விண்ணப்பித்தார். இம்முறை நோய்த்தடுப்பு குறுக்கே வந்தது. 1377இலேயே றகூசா, கொள்ளைநோய் ஊர்களிலிருந்து வருகிற கப்பல்களை முப்பது நாள் வெளியே நிறுத்தியது. ஜெயகௌரிக்கு அந்தப் பகுதி பிடித்திருந்தது. மாளிகைத் துவாரத்தினூடாக ஒரு கைப்பேசியை வெளியே நீட்டினார்.

"இது ஆர்?"

செப்டெம்பர் 28, லூயிஷாமில் ஒரு முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிந்திய விருந்துபசாரம். வாயில் எதையோ வைத்தபடி பீற்றர்.

"நான்தான். செத்தது எங்கட மாமா முறை, அக்கா."

"எதிரியின்ர மண்டபம். கையில என்ன?"

"மட்டன் றோல்ஸ்."

"எத்தினை?"

"ரெண்டு."

"ரெண்டு!" உள்ளே பேனா ஓடுவது கேட்டது. "ஒண்டெண்டா மரியாதைக்கு எண்டு விடலாம். இருபத்தெட்டில இருந்து முப்பது நாள். பிறகு வாரும்."

"அக்கா, பிள்ளையைத் திருப்பி அனுப்பிப்போடுவினம்."

"எனக்கும் அவவைத் தெரியும் தம்பி," என்றார் ஜெயகௌரி. "முதலாம் வகுப்பில என்ர தங்கச்சியோட படிச்சவ. அதுக்காகச் சட்டத்தை வளைச்சா, நாளைக்கு எல்லாரும் தெரிஞ்ச ஆக்களாத்தானே வருவினம்?"

அதே மாதம் ஒன்றியம் திறை செலுத்தியது. றகூசா வருடாவருடம் சுல்தானுக்குத் திறை அனுப்பித்தான் பிழைத்தது. தூதர்கள் அடுத்த தூதர்கள் வரும்வரை அங்கேயே இருப்பார்கள். ஒன்றியத்துக்குச் சுல்தான் என்பது சட்டன் நகரக் கவுன்சில்தான் என்று முடிவாகி, இரண்டு தூதர்கள் ஒரு பொன்னாடை, ஒரு பெட்டி மிக்ஸர், பனங்கட்டியோடு கந்தோர் வரவேற்பறைக்குப் போனார்கள். அங்கிருந்தவர்கள் அன்பளிப்பு ஏற்பதில்லை என்றார்கள். தூதர்கள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான்கு மணித்தியாலம் இருந்தார்கள். ஐந்து மணிக்குக் காவலாளி விளக்கை அணைத்தார். 'உறவு சுமுகமானது' என்று அறிக்கையில் எழுதப்பட்டது.

ஒக்ரோபர் 28 காலை பீற்றர் துவாரத்தருகே நின்றார். விண்ணப்பத்துக்கு ஏழு நாள் அறிவித்தல் தேவை. மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

நவம்பர் 2 கூட்டத்தில் அடுத்த அதிபருக்குப் பெயர் கேட்டார்கள். ஒருவரும் அசையவில்லை. நத்தார்ப் பண்டிகை வருகிறது, வேலை இருக்கிறது, முதுகு வருத்தம் இருக்கிறது. பீற்றர் கையை உயர்த்தினார். மிச்சமிருந்த வருட விடுமுறை முழுவதையும் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்.

பித்தளைத் திறப்பைச் சிவப்பு நாடாவில் கோத்து அவருடைய இடுப்பில் கட்டினார்கள். புதிய தளபதி நிசாந்தன், வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்யும் இளைஞன். லெஸ்லி பேசினார்.

"றகூசா சபைக் கதவில ஒரு வசனம் வெட்டியிருக்கு. 'சொந்த விசயங்களை மறவுங்கோ, பொது விசயங்களைப் பாருங்கோ.' தம்பி பீற்றர் கொஞ்ச நாளா ஒரே ஒரு சொந்த விசயத்தோட திரிஞ்சவர். இண்டையில இருந்து அவருக்கு அது மறந்துபோச்சு எண்டதில எங்களுக்குப் பெருமை."

கூட்டம் முடிந்ததும் பீற்றர் அவரை மறித்தார். "அண்ணை, இப்ப நான்தான் அதிபர். நான் அனுமதிக்கிறன். நிசாந்தனைத் திறக்கச் சொல்லுங்கோ."

"சொந்த விசயத்துக்கு அதிபர் அனுமதிக்கேலாது."

"வேற ஆரும் அவளுக்காக விண்ணப்பிச்சா?"

"தாராளமா. அதை அதிபர் பாத்து முடிவெடுக்கலாம். அதிபர் ஆர்?"

"நான்."

"சொந்தக்காரன். ஏலாது." லெஸ்லி அவருடைய தோளைத் தட்டினார். "மனசைத் தளரவிடாதேயும். நான் செவ்வாய்க்கிழமை கப்பலேறுறன். மலிவுக் காலம். அங்க போய் மிச்சத்தையும் படிச்சுக்கொண்டு வாறன். இதுக்கு ஏதும் வழி இருந்தாலும் இருக்கும்."

மாளிகையில் ஒரு மடக்குக் கட்டில், ஒரு தொலைக்காட்சி, சபாரத்தினம் விட்டுப்போன ஒரு சோடி செருப்பு. பீற்றர் இரண்டாம் நாள் சட்டத்தை மீறி மேடையைக் கடந்து கோட்டைக் கதவைத் தட்டினார். நிசாந்தன் உள்ளே இருந்தான். பிஸ்கட் முழுவதும் முதல் நாளே முடிந்திருந்தது.

"அண்ணா, ப்ளீஸ், போங்கோ. நான் உங்களை ரிப்போட் பண்ணவேணும். எனக்கு விருப்பமில்லை."

மூன்றாம் நாளும் தட்டினார். நான்காம் நாள் நிசாந்தன் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டான்.

நவம்பர் 9 மழை. பிற்பகல் 3.20க்கு ஒரு கோச் பஸ் மண்டபத்தின் முன்னால் நின்றது. லூயிஷாமின் 'உண்மையான' ஒன்றியம். நவம்பர் மாதக் கல்லறை ஆசீருக்கு வந்து திரும்புகிறார்கள். ஐம்பத்திரண்டு பேர், குழந்தைகள் உட்பட. மயானத்துக் கழிப்பறை பூட்டியிருந்ததாம். தலைவர் றஜீவன், வீட்டுத் தரகர், குடையோடு வாசலுக்கு வந்தார்.

"பீற்றர், சின்னப் பிள்ளையள் நிக்குது. அஞ்சு நிமிசம் களைப்பாறிப்போட்டு, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறம்."

"ஏலாது. எதிரிக்குத் திறக்கக்கூடாது."

"ஆர் எதிரி? உங்கட மாமாவுக்குப் பெட்டி தூக்கினது நான்." றஜீவன் குரலைத் தாழ்த்தினார். "உன்ர தங்கச்சியின்ர கதை தெரியும். சுவர் பிளாஸ்டர்போட் எண்டும் தெரியும். போட்ட ஆக்கள்தான் சொன்னவை. கதவைத் திற. பக்கத்தை நான் எடுத்துத் தாறன்."

பதினொன்றாம் திகதிக்கு இரண்டு நாள் இருந்தது. 3.25க்கு பீற்றர் கதவைத் திறந்தார்.

அவர்கள் மிகவும் ஒழுங்காக வந்தார்கள். செருப்பைத் துடைத்தார்கள். பிள்ளைகள் கழிப்பறைக்கு வரிசையில் நின்றார்கள். யாரோ கேத்தலைப் போட்டார்கள். இரண்டு பெண்கள் மூன்று வருடமாகத் தாங்கள் காணாத சமையலறையைப் பார்த்துவிட்டு, தங்கள் கையால் ஒட்டிய தட்டோடுகளைத் தடவிக்கொண்டு அழுதார்கள். பிறகு ஆண்கள் ஆறு பேர் பிளாஸ்டர்போட் சுவரில் தோளைக் கொடுத்தார்கள். அது சாய்ந்து விழுந்தது. உள்ளே நிசாந்தன் காதுக்கருவியோடு கணினியில் கூட்டம் ஒன்றில் இருந்தான். 'ஒரு நிமிசம்' என்று கையைக் காட்டினான்.

பீற்றர் இடுப்புத் திறப்பை எடுத்து அலுமாரியில் செருகினார். அது பாதிக்கு மேல் போகவில்லை. திருப்பிச் செருகினார். எண்ணெய் விட்டார். கைப்பேசியை எடுத்து லெஸ்லிக்கு அடித்தார். காற்று இரைந்தது.

"தம்பி, குழம்பாதேயும். அது காட்சித் திறப்பு."

"என்ன திறப்பு?"

"கடையில வாங்கினது. அதிபரை எதிரி பிடிச்சா உண்மைத் திறப்பு போகக்கூடாதெல்லோ. முதல் நாளில இருந்தே உண்மையானது ஒரு அதிபரிட்டயும் இல்லை."

"உண்மைத் திறப்பு எங்க அண்ணை?"

"என்ர பொக்கெற்றில. நான் இப்ப மதிலுக்கு மேல நிக்கிறன். கேக்குதோ? வழிகாட்டி கடைசிப் பகுதியைச் சொல்லுறார். போனமுறை நான் கேக்கேல்ல. 1806இல நெப்போலியன்ர பட்டாளம் வாசல்ல வந்து, களைப்பாறிச் சாப்பிட்டிட்டுப் போறம் எண்டு கேட்டதாம். இவை திறந்து விட்டவையாம். அவ்வளவுதானாம். பிறகு குடியரசு இல்லையாம்." காற்று மறுபடி இரைந்தது. "மதிலை ஒருத்தரும் உடைக்கேல்ல, தம்பி. அதைக் கவனியும்."

பீற்றர் இரும்பு வெட்டும் கிரைண்டர் ஒன்று கேட்டார். கோச் சாரதியிடம் இருந்தது. றஜீவன் தடுத்தார்.

"பொறி பறந்து பக்கம் எரிஞ்சா? இது புனிதமான புத்தகம். அலுமாரியோட கொண்டுபோய் முறையாத் திறப்பம். எங்களிட்ட முறை இருக்கு. நாங்கள் வெனிஸ் முறை. பத்துப் பேர் சபை."

"எப்ப கூடும்?"

"டிசம்பர் ஏழு."

பீற்றர் அலுமாரியின் காலைப் பிடித்துக்கொண்டார். கெட்ட வார்த்தை ஒன்றும் பேசவில்லை. பெயரையும் பக்க எண்ணையும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், மரியாதையாக விலக்கினார்கள். போகும்போது கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.

சாப்பாட்டுப் பார்சலோடு அஞ்சலீனா வந்தபோது அவர் திறந்த வாசலில், மழையில் நின்றார்.

"கொண்டுபோயிட்டினமோ?"

"ஓம்."

"எங்க?"

"லூயிஷாமுக்கு."

"எங்கட வீட்டில இருந்து எவ்வளவு தூரம்?"

"பன்னிரண்டு நிமிச நடை."

அவள் பார்சலை அவரிடம் கொடுத்தாள். "முதல் சாப்பிடுங்கோ அண்ணை. ஆறிப்போகும்."

அடுத்த நாள் இருவரும் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நடந்தார்கள். மண்டபம் பூட்டியிருந்தது. யன்னலினூடாக அலுமாரி தெரிந்தது. பிறேமினிக்கு அனுப்புவதற்கு அஞ்சலீனா அதைப் படம் எடுத்தாள். கண்ணாடியில் அவளுடைய முகமும் விழுந்திருந்தது.

நவம்பர் 18 விசாரணையில், அப்படியொரு பதிவேடு உண்மையில் இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். இருக்கிறது என்றார் பீற்றர். ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார். பாதுகாப்பாக இருக்கிறது என்றார் பீற்றர். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே மொழிபெயர்த்தார்.

தீர்ப்பு டிசம்பர் 3 வந்தது. மேன்முறையீட்டாளர் தான் சொல்லும் ஆள் என்பதற்கு ஆவணச் சான்று முன்வைக்கப்படவில்லை, மேன்முறையீடு நிராகரிக்கப்படுகிறது. மேல் தீர்ப்பாயத்துக்கு அனுமதி கேட்க டிசம்பர் 17 வரை அவகாசம் உண்டு.

டிசம்பர் 7 சட்டனில் கூடிய ஒன்றியம், மதிலை எவரும் ஏறவில்லை என்ற லெஸ்லியின் அறிக்கையை ஏற்று, பீற்றரை இரண்டு வருடத்துக்கு நீக்கியது. அதே நாள் லூயிஷாமில் பத்துப் பேர் சபை கூடியது. எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அலுமாரியைத் திறப்பது பற்றி ஜனவரி 4ஆம் திகதி ஆராயப்படும்.